‘வரவில்லை’ என்று எழுதப்பட்டவர்கள்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் அவருடைய இரும்புப் பெட்டியைத் திறந்தேன். தோட்டத்தை விட்டு வெளியேறியபோது கொண்டு வந்த பெட்டி அது. உள்ளே தொழிற்சங்க அட்டை, சேமநிதிக் கணக்குத் தாள்கள், அம்மாவின் பழைய புகைப்படம் ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில் ஒட்டப்பட்ட அரசாங்க உறை. மருத்துவமனையிலிருந்து எங்கள் தாமானுக்குப் பக்கத்திலுள்ள கிளினிக்குக்குக் கொடுக்கச் சொல்லி அவர் கையிலேயே கொடுத்தனுப்பிய கடிதம். அவர் கொடுக்கவேயில்லை.

மலாயில் நான்கு வரிகள். இருதய மறுவாழ்வு வகுப்பு, மொத்தம் 12 அமர்வுகள், நோயாளி வந்தது 2. அதற்குப் பிறகு ‘திடாக் ஹாடிர்’. வரவில்லை. கோப்பு மூடப்பட்டது. கையெழுத்து.

அந்த மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். ஜொகூரில் உள்ளது என்பது போதும். அப்பாவுக்கு 2008இல் மாரடைப்பு வந்தபோது அங்கேதான் காப்பாற்றினார்கள். இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டில் அந்தக் காசு எங்களுக்கு ஒருபோதும் இருந்திருக்காது. அந்த நன்றியில் எனக்குக் குறைவில்லை. எனக்கு உறுத்தியது அந்தக் கடைசிச் சொல்தான்.

முப்பது வருடங்கள் பால் வெட்டிய மனிதர். விடியற்காலை பெரட்டுக்கு ஒருநாள் தாமதமாகப் போனதாக யாரும் சொன்னதில்லை. அவரைப் பற்றி ஓர் அலுவலகத் தாள் ‘வரவில்லை’ என்கிறது. ஏன் வரவில்லை என்று எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை.

காரணம் எனக்குத் தெரியும். அப்போது அவர் ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை பார்த்தார். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். வகுப்பு செவ்வாய், வியாழன் பிற்பகல் இரண்டு மணிக்கு. போனால் சம்பளம் போகும். முதல் நாள் போனார், சைக்கிள் மிதித்தார், வந்தார். இரண்டாவது நாள் பயிற்சியாளரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அங்கே மூச்சு விடச் சிரமப்படும் நோயாளி ஒருவர். அது நியாயம்தான். அப்பா ஒன்றரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, வருகைப் பதிவில் பெயர் எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்தார். மூன்றாவது முறை நான் நினைவுபடுத்தியபோது கேட்டார்:

“நடக்கிறதுக்கு நான் ரெண்டு பஸ்ஸு ஏறிப் போகணுமாடா?”

அன்று என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு வருடக் கதை இருக்கிறது என்பதே பிறகுதான் தெரிந்தது.

அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன். அப்பா வீட்டுக்கு வந்ததும் அம்மா அவரை அசையவிடவில்லை. வாளியைத் தூக்கினால் சத்தம். மாடிப்படியில் கால் வைத்தால் சத்தம். “ஹார்ட் அட்டாக் வந்த மனுஷன், பேசாம படுங்க.” அம்மாவின் பயத்தை அறியாமை என்று நினைத்தேன். படித்துப் பார்த்தால், அம்மா சொன்னது ஒரு காலத்தில் அமெரிக்காவின் மிகச் சிறந்த மருத்துவர்கள் சொன்னது.

மாரடைப்பு என்றால் உடனே சாவு என்று நம்பப்பட்ட காலத்தில், 1912இல் சிகாகோவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹெரிக், இதயத் தமனி அடைபட்டவர் உயிர் பிழைக்கவும் கூடும் என்று எழுதினார். பிழைத்தவரை என்ன செய்வது? படுக்க வை. 1939இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் இறந்தவர்களின் இதயங்களைப் பரிசோதித்து, காயம்பட்ட தசை தழும்பாக இறுகுவதற்கு ஆறு வாரங்கள் வரை ஆகும் என்று காட்டினார்கள். அது பிணவறையில் கண்ட உண்மை. அதை அப்படியே உயிரோடிருப்பவர் மேல் வைத்து, ஆறு வாரம் படுக்கை என்று விதியாக்கினார்கள். சில இடங்களில் நோயாளி தானே சோறு எடுத்துச் சாப்பிடக்கூட அனுமதியில்லை. கால் நரம்பில் இரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்கு ஏறிச் செத்தவர்களையும் மாரடைப்பின் கணக்கில்தான் எழுதியிருப்பார்கள்.

அந்த விதியை உடைத்தது ஒரு நாற்காலி. பாஸ்டனில் சாமுவேல் லெவினும் அவருடைய இளம் உதவியாளர் பெர்னார்ட் லவுனும் மாரடைப்பு நோயாளிகளை முதல் சில நாட்களிலேயே சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். 1952இல் 81 நோயாளிகளின் விவரங்களோடு அதை வெளியிட்டார்கள். நாற்காலியில் உட்கார வைப்பதற்கே வார்டு மருத்துவர்களிடம் கடும் எதிர்ப்பு இருந்தது என்று லவுன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். இன்றைக்குச் சிரிப்பாக இருக்கும்.

மூன்று வருடங்கள் கழித்து, செப்டம்பர் 1955இல், அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு டென்வரில் மாரடைப்பு. அவரைப் பார்க்க வந்த இதய மருத்துவர் பால் டட்லி வைட், மிதிவண்டியில் போகிற ஆள். அதிபரைச் சீக்கிரமே நாற்காலிக்கு மாற்றினார்கள். நவம்பரில் வாஷிங்டன் திரும்பினார். அடுத்த வருடம் தேர்தலில் நின்று மறுபடியும் வென்றார். மாரடைப்புக்குப் பிறகும் ஒரு நாட்டை ஆளலாம் என்று செய்தித்தாள் படிக்கிற எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் அவரைச் சுற்றி எத்தனை பேர் நின்றார்கள் என்பதையும் கூடவே நினைத்துக்கொள்ள வேண்டும். அதிபரை நடக்க வைக்க ஆள் குறைவு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதிபர் அல்லாதவர்களுக்காக யோசித்தவர்கள் வேறு. கிளீவ்லாந்தில் ஹெர்மன் ஹெல்லர்ஸ்டைன், ஒவ்வொரு தொழிலுக்கும் உடல் எவ்வளவு சக்தி செலவழிக்கிறது என்று அளந்து, இதய நோயாளி எந்த வேலைக்குத் திரும்பலாம் என்று சொல்லும் கிளினிக்கை 1950களில் நடத்தினார். அட்லாண்டாவில், ஏழைகள் வரும் கிரேடி மருத்துவமனையில், நானெட் வெங்கர் என்ற பெண் மருத்துவர் பதினான்கு படிகள் கொண்ட ஒரு முறையை உருவாக்கினார். படுக்கையில் கை கால் அசைப்பதில் தொடங்கி, உட்கார்ந்து, நின்று, தாழ்வாரத்தில் நடந்து, கடைசியில் மாடிப்படி ஏறி வீட்டுக்குப் போவது. ஒவ்வொரு படியிலும் பக்கத்தில் நிற்க ஒரு தாதியோ உடற்பயிற்சியாளரோ வேண்டும். அந்த முறை முழுவதுமே அந்த ஆளை நம்பித்தான் எழுதப்பட்டது.

படுக்கை எவ்வளவு கொடியது என்பதை டல்லஸில் 1966இல் செய்த ஒரு சோதனை காட்டியது. இருபது வயது ஆரோக்கியமான இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்க வைத்தார்கள். முப்பது வருடங்களுக்குப் பிறகு அதே ஐவரைத் தேடிப்பிடித்து அளந்தபோது, அந்த மூன்று வாரப் படுக்கை அவர்கள் உடலை இறக்கிய அளவுக்கு முப்பது வருட முதுமை இறக்கவில்லை என்று தெரிந்தது. இதைப் படித்த அன்று அப்பாவின் கடைசி வருடங்கள் ஞாபகம் வந்தன. வாசல் பிளாஸ்டிக் நாற்காலி. அதிலிருந்து தொலைக்காட்சி முன்னால் உள்ள நாற்காலி. மறுபடியும் வாசல்.

இங்கே லண்டன் பஸ்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது எங்கள் வீட்டுக் கதையும்கூட. 1953இல் ஜெர்ரி மோரிஸ், லண்டன் போக்குவரத்து ஊழியர்கள் ஏறத்தாழ 31,000 பேரின் கணக்கை எடுத்தார். இரட்டை மாடிப் பஸ்ஸில் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். டிக்கெட் கொடுப்பவர் ஐந்நூறு அறுநூறு படிகள் ஏறி இறங்குவார். ஒரே சம்பள வர்க்கம், ஒரே பஸ். ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு அதிகம், அதிலும் உடனே சாவது அதிகம். பிறகு மோரிஸே சீருடைக் கணக்கைப் பார்த்து, ஓட்டுநர்கள் வேலைக்குச் சேரும்போதே இடுப்பு பெருத்தவர்களாக இருந்தார்கள் என்றும் எழுதினார். தன் கண்டுபிடிப்பின் மேல் தானே சந்தேகம் எழுப்பிய அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்பா தோட்டத்தில் நிரை பிடித்து, நானூறு ஐந்நூறு மரம் நடந்து வெட்டி, பால் வாளியைக் காண்டாவில் தூக்கியவர். அவர் டிக்கெட்காரர். தோட்டத்தைத் துண்டாடி வீடமைப்புக்கு விற்றபோது நகரத்துக்கு வந்து ஜாகாவாக உட்கார்ந்தார். அண்ணன் பாசீர் கூடாங் தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றும் பஸ் ஓட்டுகிறார். அவர் அசல் ஓட்டுநர். இரண்டு தலைமுறைக்குள் ஒரே குடும்பம் மாடிப்படியிலிருந்து இறங்கி இருக்கையில் உட்கார்ந்துவிட்டது. சாப்பாடு மட்டும் மாறவில்லை. வெட்டுக்காரனின் பசிக்கு அளந்த சோறு, கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணி.

நம்மவர்களுக்கு இந்த நோய் அதிகம் என்பது புதிய செய்தியும் அல்ல. ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், டி. ஜே. தனராஜும் சக ஆய்வாளர்களும் 9,000க்கும் மேற்பட்ட பிரேதப் பரிசோதனைப் பதிவுகளை இனவாரியாகப் பிரித்துப் பார்த்து, இந்தியர்களிடம் இதயத் தமனி நோய் சீனர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று 1959இலேயே ஓர் அமெரிக்க இதழில் எழுதினார்கள். உலகம் முழுவதும் தெற்காசியர்களின் இதயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் முதலில் சுட்டுவது அந்தக் கட்டுரையைத்தான். தனராஜ் பின்னர் 1963இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவரானார். நம் சமூகத்துக்கு ஒரு எச்சரிக்கை வந்தது, அது பிணவறையிலிருந்து வந்தது, ஆங்கிலத்தில் வந்தது. தோட்டத்து லயன்வரை அது நடந்து வரவில்லை. தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெஸர் இருந்தார். அவரிடம் மலேரியாவுக்கும் வெட்டுக்காயத்துக்கும் மருந்து இருந்தது. ‘நெஞ்சுக் கரிப்பு’க்கு வெள்ளை மருந்துத் தண்ணீர் இருந்தது.

இன்றைய எண்கள் அதே கதையைத்தான் சொல்கின்றன. 2020இல் மலேசியாவில் மருத்துவர் சான்றளித்த மரணங்களில் 17 விழுக்காடு இதயத் தமனி நோயால். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் வயது வந்த இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. மாரடைப்பு நோயாளிகளின் தேசியப் பதிவேடு 2006இல் தொடங்கியது. மக்கள் தொகையில் ஏறத்தாழ 7 விழுக்காடாக உள்ள நாம், அதில் அந்தப் பங்கைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறோம்.

1973இல் சுமார் இரண்டு மாத இடைவெளியில் இந்த நாடு இரண்டு பேரை மாரடைப்புக்குக் கொடுத்தது. மே மாதம் 44 வயதில் பி. ரம்லி. ஆகஸ்டில் ஜொகூர் பாருவில் பிறந்த துணைப் பிரதமர் துன் டாக்டர் இஸ்மாயில். பதினாறு வருடம் கழித்து, ஜனவரி 1989இல், மகாதீருக்கு மாரடைப்பு வந்தபோது வெளிநாடு போகாமல் கோலாலம்பூர் பொது மருத்துவமனையிலேயே அறுவை சிகிச்சை செய்துகொண்டார். டாக்டர் யஹ்யா அவாங் செய்தார். 1992இல் தேசிய இருதயக் கழகம் வந்தது. நம் கற்பனையில் இதயம் என்றால் அன்றிலிருந்து அறுவை சிகிச்சை மேசைதான். கத்தி, கம்பி, ஸ்டென்ட். அதற்குக் கட்டடம் எழும்பும், ரிப்பன் வெட்டுவார்கள். நடக்கக் கற்றுக்கொடுப்பதற்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்?

மறுவாழ்வு மருத்துவத்தில் நிபுணர்களை இந்த நாட்டிலேயே உருவாக்கும் முதுகலைப் படிப்பு மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1997இல்தான் தொடங்கியது. உடற்பயிற்சி சிகிச்சையாளர், உணவியலாளர் போன்றோரைப் பதிவு செய்து அங்கீகரிக்கும் சட்டம் 2016இல் வந்தது. அதாவது ஸ்டென்ட் வைக்கிறவர் இங்கே பெரிய டாக்டராகி ஒரு தலைமுறை ஆன பிறகுதான், அதற்குப் பிறகு நோயாளியைக் கையில் வாங்குகிறவருக்குச் சட்டத்தில் ஒரு பெயர் கிடைத்தது.

அந்த அறையில் உண்மையில் என்னதான் நடக்கிறது என்று ஒரு பிசியோவிடம் கேட்டேன். ஓய்வு பெற்றவர். ஜொகூரின் பல ஊர்களில் வேலை பார்த்தவர்.

“தம்பி, சைக்கிள் மிதிக்க வைக்கிறது சின்ன வேலை. பயத்தை எடுக்கிறதுதான் பெரிய வேலை,” என்றார். ஆறு நிமிடம் நடக்க வைத்து எவ்வளவு தூரம் போகிறார் என்று அளப்பார்கள். இரத்த அழுத்தமும் நாடியும் பார்த்துக்கொண்டே வேகத்தைக் கூட்டுவார்கள். ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த அளவுகோல் ஒன்று சுவரில் தொங்கும். 6 முதல் 20 வரை எண்கள். 6 என்றால் சிரமமே இல்லை, 20 என்றால் இனி முடியாது. இப்போது எந்த எண் என்று நோயாளி சொல்ல வேண்டும்.

“நம்ம ஆளுங்ககிட்ட கேட்டா என்ன சொல்வாங்க தெரியுமா? ‘பரவால்ல டாக்டர்.’ மூச்சு வாங்கும், வேர்த்து ஊத்தும், கேட்டா ‘பரவால்ல’. அந்த ‘பரவால்ல’ பதினொண்ணா பதினேழான்னு கண்டுபிடிக்க எனக்குப் பத்து வருஷம் ஆச்சு.” பிறகு அவர் ஒரு வழி கண்டுபிடித்தாராம். நடந்துகொண்டே பேசச் சொல்வார். பேச முடியணும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. பேச முடியாவிட்டால் நிறுத்து. தோட்டத்து ஆட்கள் உடனே புரிந்துகொள்வார்களாம். வெட்டிக்கொண்டே பேசிப் பழகியவர்கள்தானே.

பிசியோ மட்டும் போதாது. எந்த மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது என்று சொல்ல மருந்தாளர், தோசைக்கும் ரொட்டி சானாய்க்கும் கணக்குப் போடத் தெரிந்த உணவியலாளர், இரவில் தூக்கம் வராமல் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் பேச ஒரு மனநல ஆலோசகர், முதலாளிக்குக் கடிதம் எழுதச் சமூக நல அதிகாரி. புத்தகத்தில் இந்தக் குழு முழுமையாக இருக்கிறது. “நான் வேலை பார்த்த இடத்துல அந்தக் குழு மொத்தமும் நானும் ஒரு மிஸ்ஸியும்தான்,” என்று சிரித்தார். காலையில் பக்கவாதம், எலும்பு முறிவு. மதியம் தீவிர சிகிச்சைப் பிரிவு. இடையில் கிடைக்கிற பிற்பகலில் இதயம். மிஸ்ஸிக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வந்தால் வகுப்பு நிற்கும். புதிதாக வருகிறவருக்கு இதயப் பயிற்சி தெரிந்திருக்காது. தெரிந்தவருக்குப் பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர் டாலரில் சம்பளம்.

கேட்டுக்கொண்டிருந்தபோது அப்பா காத்திருந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. அன்று வராதது யார்?

இது ஜொகூரின் குறை மட்டுமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று தேசிய அளவில் கணக்கெடுக்கிறார்கள். 2019இல் அவர்களுடைய நீண்டகாலத் திட்டம் வெளியானபோது தகுதியான நோயாளிகளில் பாதிப் பேருக்குச் சற்று மேல்தான் வந்துகொண்டிருந்தார்கள். 2028க்குள் 85 விழுக்காடு என்று இலக்கு வைத்தார்கள். எல்லா இடத்திலும் பெண்கள் வருவது ஆண்களைவிடக் குறைவு. நோயாளியைக் குறை சொல்வது சுலபம். கனடாவின் ஒன்டாரியோவில் ஷெரி கிரேஸ் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு வேறு பக்கம் பார்த்தது. டாக்டர் நினைவு வைத்துச் சீட்டு எழுதிக் கொடுப்பதற்குப் பதிலாக எல்லாருக்கும் தானாகவே பரிந்துரை போகும்படி செய்து, அதோடு ஒருவர் படுக்கை அருகில் போய் உட்கார்ந்து பேசவும் செய்தால், வகுப்பில் சேர்கிறவர்கள் பெருமளவு கூடினார்கள். நோயாளிகள் அதே நோயாளிகள்தான்.

ஆள் பற்றாக்குறையை வேறு வழியில் தாண்டப் பார்த்தது இந்தியா. 24 மருத்துவமனைகளில் 3,959 மாரடைப்பு நோயாளிகளை வைத்து யோகா வழியான மறுவாழ்வைச் சோதித்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். விலையுயர்ந்த இயந்திரம் வேண்டாம், பாய் போதும். மொத்த முடிவில் மரணமும் மறு மாரடைப்பும் உறுதியாகச் சொல்லும்படி குறையவில்லை. தங்கள் உடல்நலத்தைத் தாங்களே உணர்ந்த விதம் மேம்பட்டது. ஆனால் 13 வகுப்புகளில் 10க்கும் குறையாமல் வந்தவர்களுக்குப் பலன் தெரிந்தது. முழுசாக வர முடிந்தவர்கள் ஏற்கெனவே தெம்பானவர்களாக இருந்திருக்கலாம், அந்தச் சந்தேகம் எனக்கு உண்டு. இருந்தும் பாய் மலிவானாலும் பத்து முறை அங்கே வர வைப்பது மலிவல்ல என்று எனக்குப் பட்டது. சிகாமட்டிலோ மெர்சிங்கிலோ இருக்கிற ஒருவருக்கு ஜொகூர் பாரு நூறு கிலோமீட்டருக்கு மேல். அரசாங்கம் கிளினிக்கில் வாங்குவது ஒரு வெள்ளி. அந்த ஒரு வெள்ளியிடம் போய்ச் சேர ஆகும் செலவை எந்தப் பட்டியலும் எழுதுவதில்லை.

2023இல் அண்ணனுக்கு நெஞ்சுவலி. ஐம்பத்தோரு வயது. வேறு மருத்துவமனை. மூன்றாம் நாள் நான் வார்டில் இருந்தபோது ஒரு மிஸ்ஸி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் கேள்வி, “அண்ணே, பஸ்ஸா ஓட்டுறீங்க? எத்தனை மணிக்கு ஷிஃப்ட் விடும்?” காலை ஏற்றமும் மாலை ஏற்றமும் போக நடுவில் பதினொரு மணி காலி என்றார் அண்ணன். “அப்போ பதினொண்ணுக்கு வாங்க. நான் பார்த்துக்கிறேன்.” அண்ணியையும் கூட வரச் சொன்னார். முதல் வாரம் வராதபோது தொலைபேசியில் கூப்பிட்டார். திட்டவில்லை, “என்ன ஆச்சு” என்றுதான் கேட்டார்.

அண்ணன் பன்னிரண்டில் ஒன்பதுக்குப் போனார். பத்தாவதுக்கு முன்னால் அந்த மிஸ்ஸி வேலையை விட்டுப் போய்விட்டார், எங்கே என்று கேட்க வேண்டியதில்லை. வகுப்பு ‘தற்காலிகமாக’ நின்றது. அண்ணனோடு சைக்கிள் மிதித்த மூன்று பேர், ஒரு மலாய் அங்கிள், ஒரு சீன டாக்சிக்காரர், இன்னொரு தமிழர், புலனத்தில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை எங்கள் தாமான் திடலைச் சுற்றி நடப்பார்கள். சொல்லிக் கொடுக்க யாருமில்லை. நாடி பார்க்க ஆளுக்கொரு கைக்கடிகாரம்.

போன வாரம் நானும் கூட நடந்தேன். நான்காவது சுற்றில் எனக்கு மூச்சு வாங்கியது. அண்ணன் திரும்பிப் பார்த்து, “எத்தனைடா?” என்றார்.

“பரவால்ல,” என்றேன்.

“நம்பர் சொல்லு.”

“பதினஞ்சு.”

“மெதுவா வா,” என்று அவரும் நடையைக் குறைத்துக்கொண்டார்.